பேயரசர்கள் காணாமல் போன பதினாறு பக்கங்கள்

இந்த விளையாட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு உங்களிடம் இருந்தால் 112ஆம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு அடுத்த பக்கம் 129. நடுவில் பதினாறு பக்கங்கள் இல்லை. அவை கிழிந்து விழவில்லை, பூச்சியும் அரிக்கவில்லை. அச்சிடப்படவே இல்லை. ஏழு பேயரசர்களும் அந்தப் பதினாறு பக்கங்களில்தான் இருந்தார்கள்.

ஏன் இல்லை என்பதற்கு வெள்ளவத்தையில் விளையாடும் பிள்ளைகளிடம் பல கதைகள் உண்டு. எல்லோரும் நம்புவது, கோயில் தடை செய்தது என்ற கதையைத்தான். கொட்டாஞ்சேனைப் பங்குத்தந்தை அச்சகத்துக்கே வந்து, மேசையில் ஓங்கித் தட்டி, பேய்களை எடுக்கச் சொன்னாராம். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டதாகச் சொன்ன ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். வயதைக் கணக்குப் பார்த்தால் அப்போது அவருக்கு ஐந்து வயது.

இப்போது மூன்றாம் பதிப்பு வருகிறது. பேயரசர்கள் திரும்பி வருகிறார்கள். அவர்கள் வந்ததையும் போனதையும் கடைசிப் பக்கங்களில் எழுதித் தரும்படி ஷாலினி என்னிடம் கேட்டாள். இந்த விளையாட்டை உருவாக்கியவள் அவள். முதலிரண்டு பதிப்பையும் மெஷினில் ஓட்டியவன் நான். கேட்டபோது அவளும் அந்த மேசைத் தட்டல் கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். மேசையை யாரும் தட்டவில்லை. பிழை என்னுடையது.

என் பெயர் பிலிப். வத்தளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறி, ஒரே அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்தேன். முதல் ஆறு வருஷம் மை வாளி கழுவினேன், தாள் அடுக்கினேன், ஏச்சு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பெனடிக்ட் மாஸ்டரின் கீழ் மெஷின்காரன் ஆனேன்.

மாஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை கண்டால் முதலில் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுப்பார். மடக்குப் பூதக்கண்ணாடியை ஆற அமரத் துடைப்பார். தாளில் வைத்து, குனிந்து, ஒரு கண்ணால் பார்ப்பார். நிமிர்ந்து ஒரேயொரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். கத்துகிற ஃபோர்மன் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவருடைய சட்டங்களில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அச்சு மெஷினைத் தொடக்கினவுடனே மையும் தண்ணீரும் ஒத்துப்போகாது. முதல் நூறு, நூற்றைம்பது தாள் மங்கலாகவோ அப்பியோ வரும். அதற்குப் புதுத் தாளைக் கொட்ட முடியுமா? முந்திய வேலையில் பழுதான தாள்களை வைத்திருந்து, அவற்றைத்தான் முதலில் ஓடவிடுவோம். நிறம் சரியானதும் நல்ல தாள் போகும். ஆகவே பழுதுத் தாளும் நல்ல தாளும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அவை கலக்காமலிருக்க மாஸ்டரின் சட்டம்: பழுதான தாள் எதுவானாலும், கையை விட்டு வைக்குமுன் மூலையைக் கிழிக்க வேண்டும். தாள் கட்டு ஒன்றின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினால் போதும், கிழிந்த மூலை விரலில் தட்டும். கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்பார்.

கலந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு முன் அந்த மெஷினில் நின்றவர், கல்யாணக் கார்டுக் கட்டுக்குள் மரண அறிவித்தல் ஒன்றைப் போகவிட்டார். முதலாளி கொள்ளுப்பிட்டி ஒஃபிஸிலிருந்து ஒரு போன் எடுத்தார். மனுசன் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வெளியே போனார். அந்த மெஷின்தான் எனக்குக் கிடைத்தது.

ஷாலினி வந்தது பதினெட்டு வருஷத்துக்கு முன். வெள்ளவத்தைப் பிள்ளை. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். முதுகுப் பையிலிருந்து புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்தாள். ‘ஏழு வாசல் கோட்டை’. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்களாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, கள்ளன் என்று ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். கோட்டையின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பேயரசன். அவனுக்கு எவ்வளவு உயிர், என்ன ஆயுதம், எதற்குப் பயப்படுவான் என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தாள். அட்டவணை சுத்தமாக இருந்தது. அரசாங்கப் படிவங்கள் பலவற்றை அச்சடித்தவன் என்பதால் மதிப்போடு சொல்கிறேன்.

பேய்களை அவள் எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. உப்புராசன் ரயில் பாதைக்கு அப்பால் கடலில் இருப்பவன். வீடுகளின் இரும்புக் கம்பிகளைத் தின்று வாழ்பவன். கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு அது பேயல்ல, பக்கத்து வீட்டுக்காரன். இன்னொருத்தி, பாமன்கடையில் மழைக்குத் தெருவோரக் கழிவுநீர்க் கான் நிரம்பினால் மேலே வருபவள். படங்களையும் ஷாலினியே கீறியிருந்தாள். தாளின் விளிம்பு வரைக்கும் கருமையாக ஓடும் படங்கள்.

பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாளில், முன்புறம் எட்டு, பின்புறம் எட்டாக அடித்து மடிப்போம். அதற்கு ஃபோர்ம் என்று பெயர். பேயரசர்கள் சரியாக எட்டாவது ஃபோர்மில் வந்தார்கள், 113 முதல் 128 வரை. அந்த ஃபோர்மின் முன்புறம் ஓடும்போது தாள் சற்று விலகி, ஒரு கட்டு பழுதாகிவிட்டது. ஒரு பக்கம் பேய், மறுபக்கம் வெறும் வெள்ளை. மூலையைக் கிழிக்கத் தொடங்கினேன். ஷாலினி ஓடி வந்தாள்.

"ஐயோ அங்கிள், கிழிக்காதீங்கோ! இது கழிவு தானே? எனக்குத் தாங்கோ. எங்கட செட் ஆக்களுக்குச் சுவரில ஒட்டக் குடுக்கப் போறன்."

"சட்டம் இருக்கு மகள்."

"ஒரு நாப்பது மட்டும். நாளைக்கே வந்து கொண்டு போறன்."

அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்பது? நாற்பதை எண்ணி, மூலை கிழிக்காமல், துண்டில் பென்சிலால் 40 என்று எழுதி, மெஷினுக்குப் பக்கத்து மர வாங்குப் பலகையில் வைத்தேன். பேய்ப்பக்கம் கீழே, வெள்ளைப்பக்கம் மேலே. அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பேயரசர்களுக்குப் பின்னால் அதே மெஷினில் ஏறியது, அடுத்த தெருக் கோயிலின் நவநாள் புத்தகம், ஒன்பது நாள் செபங்கள். மூவாயிரம் பிரதி, அதே அளவு, அதே தாள். பாதியில் மெஷினில் தாள் குறைந்தது. ஸ்டோருக்குப் போக இரண்டு நிமிஷம் பிடிக்கும். வாங்கில் வெள்ளைத் தாள் கிடந்தது. அள்ளினேன். பெருவிரலால் மூலையைத் தடவினேன். தட்டவில்லை. நல்ல தாள் என்று ஏற்றினேன். பிறகு கட்டைப் புரட்டி மறுபுறம் அடித்தபோதும், நடுவில் போன பேய்கள் என் கண்ணில் படவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் புத்தகம் கட்டும் பிரிவிலிருந்து மெனிக்கே அக்கா வந்தார். கோயிலுக்குக் காலையிலேயே புத்தகம் போய்விட்டது. மிச்சத்துக்கு வைத்திருந்த சில பிரதிகளில் ஒன்று அவர் கையில் இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"பிலிப் மஹத்தயா, மேக பலன்ன," என்று நீட்டினார். இதைப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான்.

மன்றாட்டு மாலை இருக்க வேண்டிய பக்கம். மன்றாட்டு இருந்தது. அதற்குக் கீழே, எழுத்துகளுக்கு நடுவே, உப்புராசன் வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

வாங்குக்கு ஓடினேன். எட்டுத் தாள் மிச்சம். நாற்பதில் எட்டுப் போனால் முப்பத்திரண்டு. மெனிக்கே அக்காவின் கையில் ஒன்று. முப்பத்தொரு புத்தகம் கோயிலில். பின்னேரம் ஐந்தரைக்கு நவநாளின் முதல் நாள். மணி இரண்டு. என் மனைவியும் அன்று அங்கே வருவாள், என் தாயும் வருவா. இந்தக் கோயிலில்தான் எனக்கு ஞானஸ்நானம். அந்தப் புத்தகத்தை ஒரு கிழவி விரித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயந்தேன். வேலை போகும் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாஸ்டரிடம் கொண்டு போனேன். கைலேஞ்சி வந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மூலை எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"டோர்ச்ச எடும். மெனிக்கேயையும் கூப்பிடும்."

கோயிலின் பின்னறையான சக்கிறீஸ்துவில், பூசை உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில், ஐம்பது ஐம்பதாகக் கட்டிய அறுபது பார்சல் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினால் இரவாகிவிடும். மாஸ்டர் ஒன்றையும் புரட்டவில்லை. பார்சலின் ஒரு பக்கக் கடதாசியை மட்டும் கீறினார். ஐம்பது புத்தகத்தின் வெட்டு விளிம்பும் வெள்ளைச் சுவர் மாதிரித் தெரிந்தது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"அந்தப் பிள்ளையின்ட படம் விளிம்பு வரைக்கும் ஓடுது தானே? வெட்டின இடத்தில மை இருக்கும். மயிர் அளவு சாம்பல் கோடு. அத மட்டும் தேடும்."

முதல் பார்சலில் இல்லை. இரண்டில், மூன்றில் இல்லை. பதினொன்றில் வெள்ளைக்கு நடுவே மெல்லிய சாம்பல் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினாலு. ஒவ்வொன்றாக உருவினோம். வெளியே கதிரை அடுக்கும் சத்தம் கேட்டது. நாலரைக்குப் பாட்டுக்காரர் மைக் பரிசோதித்தார்கள். மெனிக்கே அக்கா உருவியதையெல்லாம் தன் பையில் போட்டு, அதன்மேல் தன் குடையை வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குக் கடைசிப் பார்சல் முடிந்தது.

எண்ணினோம். முப்பது. திரும்ப எண்ணினோம். முப்பதுதான்.

கடைசிக்கு முந்திய பார்சல் ஏற்கெனவே திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாற்பத்தொன்பது புத்தகமே அதில் இருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் சக்கிறீஸ்து ஐயாவிடம் கேட்டோம். "காலையில ஃபாதர் ஒண்டு எடுத்தவர், தான் வாசிக்க," என்றார்.

ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டியில் இருந்தார். வெளியே வரிசை. அவர் எழும்பி நேரே பீடத்துக்குப் போனபோது மணி அடித்துவிட்டது. அவர் கையில் அந்தப் புத்தகம். கோயில் நிறைந்திருந்தது. மாஸ்டரும் நானும் பக்கவாசலில் நின்றோம். தொடக்கச் செபம் முதல் ஃபோர்மில், பயமில்லை. மன்றாட்டு மாலை இரண்டாவது ஃபோர்மில். ஃபாதர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் தாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மன்றாட்டுப் பக்கம் வந்தது. அவர் நிறுத்தினார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். பிறகு புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மன்றாட்டு முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு வரியும் தவறவில்லை. சனம் பதில் சொன்னது. ஃபாதருக்கு எவ்வளவு பக்தி என்று முன்வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார்.

எல்லாம் முடிந்து சனம் போனபின் சக்கிறீஸ்துவில் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"வேற இருக்கா?"

"இல்ல ஃபாதர். எல்லாம் எடுத்தாச்சு. இது கடைசி."

"அப்ப சரி. நாளைக்கு எனக்கு ஒரு நல்ல புத்தகம் கொண்டு வாரும்."

அவ்வளவுதான். கோயில் தரப்பிலிருந்து வந்த எதிர்ப்பு முழுவதும் இதுதான், ஒரு சொல் கூட விடாமல் எழுதியிருக்கிறேன்.

பழுதான பிரதிகளை மாஸ்டர் நெருப்பில் போட்டார். ஃபாதர் தந்ததை நான் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எட்டாவது ஃபோர்மைக் கண்டால் மாஸ்டருக்கு ஆகாது. ஒரு வருஷத்துக்குப் பின் ஷாலினி இரண்டாம் பதிப்புக்கு வந்தாள். முதல் பதிப்பு முடிந்துவிட்டது, ஆட்கள் கேட்கிறார்கள் என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

"பழைய அச்சுப் பிளேட்டெல்லாம் இருக்கு. எட்டாம் ஃபோர்ம் மட்டும் எங்களால அடிக்க ஏலாது," என்றார் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டர்? அதில தானே பேயரசர்கள்!"

மாஸ்டர் என்னை ஒருமுறை பார்த்தார். உண்மையைச் சொன்னால் அது எப்படியும் முதலாளியின் காதுக்குப் போகும், என் சோற்றுப் பார்சலும் பிரிபடாமல் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"கோயில்ல விருப்பமில்ல," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள், உண்மையா?"

நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த மெஷின். ஓமென்று தலையை ஆட்டினேன்.

அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடவில்லை. வீட்டில் தகப்பன், "அவங்கட கோயில் விசயத்தில நாங்க தலை போடக் கூடாது, விட்டிடு" என்றாராம். பழைய பிளேட்டுகள் என்பதால் பக்க எண்ணை மாற்ற முடியவில்லை. 112க்குப் பின் 129 வந்தது அப்படித்தான். பின்பக்கங்களில் "உப்புராசனுக்கு 117ஆம் பக்கம் பார்க்க" என்று அப்படியே நின்றது. பார்த்தால் உப்புராசன் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விளையாடுபவர்களே அறிவார்கள். வாசலுக்குப் போனால் காவலன் இல்லை. முதல் பதிப்பு வைத்திருந்தவர்களிடம் வாங்கிப் பதினாறு பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுத்தார்கள். கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி என்று உப்புராசனின் முகமே கரைந்து போனது. யாரோ அந்தக் கொப்பிக் கட்டில் எட்டாவது பேயரசன் ஒருவனையும் சேர்த்தார். பெயர் வெள்ளை அங்கியன். ஆயுதம் இல்லை. கை அசைத்தால் புத்தகத்தில் உள்ள எழுத்து அழிந்துவிடும். ஏழு பேரையும் விழுங்கியவன் அவனே. கோயில் தடை செய்த விளையாட்டு என்றே புதியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதற்கென்றே வாங்கினவர்களும் உண்டு.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம். மாஸ்டர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். போன மாதம் ஷாலினி மூன்றாம் பதிப்பின் புரூஃபை அனுப்பினாள், ஒருமுறை பார்த்துத் தரும்படி. எட்டாவது ஃபோர்மைத்தான் முதலில் எடுத்தேன். பேயரசர்கள் இப்போது எட்டுப் பேர். வெள்ளை அங்கியனுக்கு முழுப்பக்கப் படம். மூக்குக் கண்ணாடி, சற்றுக் கூனிய தோள், நெஞ்சோடு அணைத்த புத்தகம். யாரோ பழைய திருவிழாப் படம் ஒன்றைப் பார்த்துக் கீறியிருக்க வேண்டும். அது எங்கள் ஃபாதரேதான்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பழியை மாஸ்டரின் தலையில் போடலாம், அவர் எழும்பி வந்து மறுக்கப் போவதில்லை என்று ஒரு புத்தி சொன்னது. அந்தப் புத்தியைப் பற்றி எனக்கு இன்னும் வெட்கம். நாலாம் நாள் அந்த நவநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன்.

ஷாலினி புத்தகத்தை விரித்தாள். உப்புராசனைக் கண்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"கிழிக்க வேண்டாமெண்டு சொன்னது நான் தானே," என்றாள் கடைசியில்.

"நீர் கேட்டது பிழையில்ல மகள். நான் பிறகு பேசாம இருந்ததுதான் பிழை."

"பதினேழு வருஷம் அந்த ஃபாதருக்கு ஏசியிருக்கிறன் அங்கிள். மேசைக்கு மேசை ஏசியிருக்கிறன்." அழுதாள். பிறகு கோபம் வந்தது. அது நியாயமான கோபம், அதை வாங்கிக்கொண்டேன். பிறகு எழும்பினாள். "வாங்கோ. இப்பவே போவம்."

ஃபாதர் இப்போது வயோதிப குருக்களின் இல்லத்தில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். ஷாலினி புரூஃபை அவர் மடியில் வைத்தாள். அவர் தன் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இவருக்கு எவ்வளவு உயிர்?" என்றார்.

"நூற்றியிருபது, ஃபாதர்."

"மற்றவங்களுக்கு?"

"உப்புராசனுக்குத் தொண்ணூறு."

"பரவாயில்லயே," என்று சிரித்தார்.

நான் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். தன் பெயரில் ஓடிய தடைக் கதை அவருக்கு முதலே தெரியும். எத்தனையோ பிள்ளைகள் வந்து, ஏன் தடை செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கடிதமும் எழுதியிருக்கிறார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

"ஏன் ஃபாதர் சொல்லயில்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"சொன்னா யார் விட்ட பிழையெண்டு கேப்பாங்க. உமக்கு அப்ப மூண்டு பிள்ளையள்." மடியிலிருந்த புரூஃபைத் திருப்பித் தந்தார். "நான் சொல்லயில்ல, சரி. நீர் ஏன் சொல்லயில்ல?"

புரூஃபை வாங்கிப் பையில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் திருத்திய புரூஃப் வந்தது. வெள்ளை அங்கியன் இல்லை. எட்டாவது இடம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். இருக்கவில்லை. மை படிந்த ஏப்ரன் கட்டிய ஒருவன், சுத்தமான மெஷின் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல தாளோடு தாளாக ஒளிந்திருப்பவன், வாள் வெட்டாது, மந்திரம் பலிக்காது என்று எழுதியிருந்தாள். அவனை வெல்ல விளையாடுபவர் அவன் முன்னே போய் நின்று, "மூலை எங்க?" என்று கேட்டால் போதும்.

எழுத்துப் பிழை ஏதும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.